வாரத்துல மூணு நாள் வேலை: சீட்டா, நகையா, பி.எஃப்-பா, எதுல கை வைக்கிறது?

லைன்வீடு | 28 செப்டம்பர் 2025

திருப்பூர், பாளையக்காடு பக்கம். நான் பவர் டேபிள்ல, அதாவது காண்ட்ராக்ட் தையல் கூடத்துல, ஓவர்லாக் மெஷின்; வீட்டுல எக்ஸ்போர்ட் கம்பெனில செக்கிங். ஜூலை வரைக்கும் சனிக்கிழமை சம்பளம் எனக்கு 4,800, அவங்களுக்கு 2,700. ஆகஸ்ட் 27-ல அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கின பிறகு டேபிளுக்கு வர்ற பீஸ் பாதியாயிருச்சு. இப்ப 3,000, 1,800. வாரத்துல மூணு நாள், சில வாரம் மூணரை.

கடன்: 6 பவுன் தனியார் பைனான்ஸ்ல போன டிசம்பர்ல வெச்சது, ரெண்டு லட்சம், ஒண்ணரை வட்டி, வட்டி கட்டவே இல்லை. மூணு ரசீது. குழுக்கடன் ரெண்டு: ஒண்ணு பதினஞ்சு நாளைக்கு 1,240 (14 தவணை பாக்கி), இன்னொண்ணு மாசம் 2,350 (16 பாக்கி). ஏலச்சீட்டு 50,000, மாசம் 2,500, 20 மாசம், 8 கட்டியாச்சு, எடுக்கலை. போன் தவணை 1,850, இன்னும் 4. காண்ட்ராக்டர்கிட்ட முன்பணம் 15,000, வாரம் 300 பிடிக்கிறார். நாள் தண்டல் 10,000, இன்னும் 60 நாள். பாப்பா ஸ்கூல்ல ரெண்டாம் டெர்ம் 12,000. வாடகை 5,000.

சீட்டை எடுத்து நகையைத் திருப்பலாம்னு நான். பி.எஃப் எடுக்கலாம்னு அவங்க. புதுசா ஒரு குழுக்கடன் வாங்கிப் பழசை எல்லாம் அடைச்சுருன்னு அண்ணன். எது சரி?

கணக்குப்பிள்ளை | 28 செப்டம்பர் 2025

முதல்ல கூட்டிப் பார்த்துருவோம். நாலு சனிக்கிழமை மாசம்னா வரவு 19,200. போறது: குழு ஒண்ணு 2,480, குழு ரெண்டு 2,350, சீட்டு கழிவு போக ஏறத்தாழ 2,200, போன் 1,850, முன்பணம் 1,200, தண்டல் 3,000. ஆக 13,080. வாடகையோட 18,080. மிச்சம் 1,120. இதுல அரிசி, கேஸ், கரண்ட், பால், பஸ் எல்லாம் அடங்கணும். நகை வட்டி இந்தக் கணக்கிலேயே வரலை, அது மாசம் 3,000 சத்தமில்லாம ஏறிட்டு இருக்கு.

அதனால "செலவைக் குறைங்க"ன்னு யார் சொன்னாலும் காதுல போட்டுக்காதீங்க. இங்க குறைக்கச் செலவே இல்லை, தவணைதான் இருக்கு. வேலை என்னன்னா எந்தத் தவணையை எந்த வரிசைல உருவுறதுங்கறதுதான்.

பவர்டேபிள் | 28 செப்டம்பர் 2025

இதுல யோசிக்க என்னங்க இருக்குது? தண்டலை மொதல்ல கட்டி முடிக்கோணும். 10,000-க்கு 1,500 பிடிச்சுட்டு 8,500 கையில குடுத்து நூறு நாளைக்கு நூறு ரூவா வாங்கறான். மாசத்துக்குப் பத்து வட்டி விழுகுது. அதை வெச்சுக்கிட்டு நகையைப் பத்திப் பேசறது வெட்டி.

கணக்குப்பிள்ளை | 29 செப்டம்பர் 2025

பத்து வட்டி சரிதான். ஆனா அந்த வட்டியை வாங்கின அன்னிக்கே பிடிச்சாச்சே. மீதி 6,000-ஐ இன்னிக்கு மொத்தமாக் கட்டினாலும் 6,000, அறுபது நாள் கட்டினாலும் 6,000. முன்கூட்டிக் கட்டினா தண்டல்காரர் 400, 500 தள்ளித் தந்தாத்தான் லாபம். கேட்டுப் பாருங்க, சிலர் தருவாங்க. தரலைன்னா அப்படியே ஓடட்டும். ஆபத்து 100-வது நாள்லதான் இருக்கு. "அண்ணா, புதுசா பத்து போடட்டுமா"ன்னு கேட்பாங்க. அங்க வேண்டாம்னு சொல்றதுதான் தண்டலை முடிக்கறது.

போன் தவணையும் இதே ரகம். 4 தவணையை முன்னாடியே கட்டினா ஒண்ணும் மிச்சமாகாது, சில இடத்துல முன்முடிப்புக் கட்டணம் வேற. அதுவும் மாசாமாசம் அப்படியே ஓடட்டும்.

குழுத்தலைவி | 29 செப்டம்பர் 2025

அண்ணன் யோசனைக்கு என் பதில். புதுக் குழுக்கடன் 40,000-ன்னு கையெழுத்துப் போட்டா கைக்கு வர்றது 38,500 மாதிரிதான் இருக்கும். பரிசீலனைக் கட்டணம், காப்பீடுன்னு கழிச்சுருவாங்க. அது போக, குடும்பத்தோட மாச வருமானத்துல பாதிக்கு மேல எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து போகக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதி. மூணு நிறுவனத்துக்கு மேல ஒருத்தருக்குக் கொடுக்கறதில்லைன்னு இந்த ஏப்ரல்ல இருந்து நிறுவனங்களே கட்டுப்பாடு வெச்சிருக்கு. இப்ப உங்க வருமானத்துக்குக் கடன் தர்றாங்கன்னா படிவத்துல பழைய சம்பளத்தை எழுதியிருக்காங்கன்னு அர்த்தம். தர்றாங்களேன்னு வாங்கிடாதீங்க தம்பி.

ஒண்ணு தெரிஞ்சு வெச்சுக்கோங்க. குழுக்கடனை முன்கூட்டி முடிச்சா அபராதம் கிடையாது. மீதி மாசத்து வட்டியும் விழாது. 16 தவணை x 2,350 = 37,600-ன்னு நினைச்சுட்டு இருப்பீங்க, "இன்னிக்கு முடிச்சா எவ்வளவு"ன்னு எழுதித் தரச் சொன்னா 32,000 பக்கம் வரும். வசூலுக்கு வர்றவங்க காலைல 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6-க்குப் பின்னாடியும் வரவோ போன் பண்ணவோ கூடாது.

லைன்வீடு | 30 செப்டம்பர் 2025

தண்டல் புரிஞ்சுது. அப்ப சீட்டு? இந்த மாசம் ஏலத்துல தள்ளு 22 சதவீதத்துக்குப் போகும்னு சொல்றாங்க.

கணக்குப்பிள்ளை | 30 செப்டம்பர் 2025

22 சதவீதம் தள்ளினா 11,000 போய் 39,000 கைக்கு வரும். கடைசி வரைக்கும் இருந்தா கமிஷன் 5 சதவீதம் மட்டும் போய் 47,500. வித்தியாசம் 8,500. 39,000-ஐ 11 மாசம் முன்னாடி வாங்கறதுக்கு அதுதான் விலை. மாசம் ரெண்டு வட்டிக்குக் கொஞ்சம் கீழே. நகைக்கடன் ஒண்ணரை. ரெண்டு வட்டிக்கு வாங்கி ஒண்ணரை வட்டியை அடைக்கறது எந்த ஊர் கணக்கு?

சீட்டு 14, 15-ஆம் மாசத்துல தள்ளு 10 பக்கம் இறங்கும். அதுவரைக்கும் அதைத் தொடாதீங்க. நிறுத்தவும் வேண்டாம். எடுக்காத சீட்டைப் பாதில விட்டா கட்டின பணம் உடனே வராது, மாற்று ஆள் கிடைக்கணும், இல்லைன்னா சீட்டு முடியணும். அதுவும் பதிவான சீட்டா இருந்தாத்தான். ஒப்பந்த நகல் உங்ககிட்ட இருக்கா?

லைன்வீடு | 30 செப்டம்பர் 2025

நோட்டுல எழுதித் தர்றாங்க.

பவர்டேபிள் | 30 செப்டம்பர் 2025

அப்ப பதிவு இல்லீங்க. நோட்டு சீட்டு. தீபாவளி முடிஞ்சதும் எத்தனை சீட்டுக்காரங்க போனை அணைச்சு வெப்பாங்களோ. சீட்டு நடத்தறவங்களுக்குச் சொந்த வீடு இருக்குதா, அவங்களே எத்தனை சீட்டுப் போட்டிருக்காங்கன்னு விசாரிங்க. சந்தேகம் வந்துச்சுன்னா தள்ளு கணக்கெல்லாம் பார்க்காம எடுத்துருங்க. 8,500 போறது பெருசா, மொத்தமும் போறது பெருசா?

கணக்குப்பிள்ளை | 2 அக்டோபர் 2025

நோட்டு சீட்டுன்னா பவர்டேபிள் சொல்றதுதான் சரி. மேலே நான் சொன்னது பதிவான சீட்டுக்கு மட்டும். வட்டிக் கணக்கு, பணம் திரும்பி வரும்ங்கற இடத்துலதான் செல்லும்.

இப்ப நகை. பவுன் 80,000-ஐத் தாண்டிருச்சு. போன டிசம்பர்ல 60,000-க்கும் கீழே. அதாவது அதே ரெண்டு லட்சத்துக்கு இப்ப 6 பவுன் அடகுல இருக்க வேண்டியதே இல்லை. பைனான்ஸ்ல இதையேதான் வேற மாதிரி சொல்லுவாங்க: "விலை ஏறிருக்கு, இன்னும் ஒண்ணரை லட்சம் போட்டுத் தரட்டுமா?" அந்தப் பக்கம் போயிராதீங்க.

கணக்கு இது. அக்டோபர்ல அசலும் வட்டியும் 2,30,000. மூணு ரசீதும் சமமா இருந்தா ஒவ்வொண்ணும் ஏறத்தாழ 77,000, ஒவ்வொண்ணுலயும் 2 பவுன். வங்கி மதிப்பு கிராமுக்கு 10,500-ன்னு அடக்கமாவே வெச்சுப்போம் (கடை போர்டு விலையைத் தர மாட்டாங்க, 30 நாள் சராசரி பார்ப்பாங்க, கல், அரக்கு எடையைக் கழிப்பாங்க). 2 பவுன் 16 கிராம், மதிப்பு 1,68,000. அதுல 75 சதவீதம் 1,26,000. வருசக் கடைசில மொத்தமாக் கட்டற கடன்னா வட்டியும் சேர்ந்து இந்த 1,26,000-க்குள்ள அடங்கணும். 10 சதவீத வட்டின்னா கைக்கு 1,14,000.

ஆக ஒரே ஒரு ரசீதுக்கு 77,000 புரட்டினாப் போதும். முதல் ரசீதைத் திருப்பி வங்கில வெச்சா 1,14,000. அதுல 77,000-ஐக் கொண்டுபோய் ரெண்டாவது ரசீதைத் திருப்பி வங்கில வைங்க, இன்னொரு 1,14,000. மூணாவது ரசீதைத் திருப்பினா அந்த 2 பவுன் வீட்டுக்கு வந்துரும். ரெண்டு வங்கிக் கடனும் சேர்ந்து 2,28,000, மாச வட்டி 1,900. முன்னாடி 3,000. ரசீது மூணாப் பிரிஞ்சிருக்கறதாலதான் இது நடக்கும். ஒரே ரசீதுல 6 பவுன் வெச்சிருந்தா 2,30,000-மும் ஒரே நாள்ல வேணும். எப்ப நகை வெச்சாலும் ரெண்டு மூணு ரசீதாப் பிரிச்சு வைங்க.

குழுத்தலைவி | 2 அக்டோபர் 2025

77,000-ஐப் புரட்டறதுக்கு "நகை மீட்டுத் தருகிறோம்"னு நோட்டீஸ் ஒட்டியிருக்கறவங்ககிட்டப் போயிராதீங்க. கூட வந்து பணம் கட்டுவாங்க, வெளில வந்ததும் அவங்க கடைக்கே விக்கச் சொல்லுவாங்க, விலையும் அவங்க சொல்றதுதான். வங்கில சிலவற்றுல வேற இடத்து நகைக்கடனை நேரா மாத்திக்கற வசதி இருக்கு, ரசீதைக் காட்டிக் கேளுங்க. இல்லைன்னா அண்ணன்கிட்டக் கேளுங்க. வருசக்கணக்குல இல்லை, ரெண்டே நாளைக்கு. உறவுக்காரங்ககிட்டக் கேட்க ஏத்த கடன் அந்த மாதிரிதான். தேதி சொல்லி வாங்கலாம், தேதிக்குத் திருப்பலாம்.

பவர்டேபிள் | 4 அக்டோபர் 2025

வங்கிக்குப் போறது வேலை இல்லாத நாளாப் பாருங்க. காலைல பத்தரைக்குள்ள போகோணும். மதிப்பீட்டாளர் எல்லாக் கிளைலயும் நாள் பூரா உட்கார்ந்திருக்க மாட்டார். சனிக்கிழமை போனா ரெண்டாவது, நாலாவது சனி லீவு, அதையும் பாருங்க. ஆதார், பான், ரெண்டு போட்டோ, அந்தக் கிளைல கணக்கு. கணக்கு இல்லைன்னா அதுக்கே ஒரு நாள் போயிரும்.

லைன்வீடு | 5 அக்டோபர் 2025

அண்ணன் 30,000 தருவார். மீதிக்கு அவங்க பி.எஃப்-ல கை வைக்கலாமா? மூணு வருசம் ஆச்சு. எனக்கும் 2022 வரைக்கும் ஒரு கம்பெனில நாலு வருசம் பி.எஃப் பிடிச்சாங்க, அது அப்படியே கிடக்கு. 38,000 காட்டுது.

கணக்குப்பிள்ளை | 5 அக்டோபர் 2025

அதை முதல் போஸ்ட்லயே சொல்லியிருக்கலாமே! அவங்களதைத் தொட வேண்டாம். 8.25 சதவீதம் வட்டி போடற கணக்கு அது, கம்பெனியும் பங்கு போடுது, வேலையும் நடந்துட்டு இருக்கு. அதுல இருந்தா இன்னொரு விஷயமும் இருக்கு: வேலைல இருக்கும்போது ஏதாவது ஆயிட்டா குடும்பத்துக்கு வர்ற காப்பீடு, அதிகபட்சம் 7 லட்சம்.

உங்க பழைய கணக்கை எடுக்கலாம். படிவம் 19. ரெண்டு மாசத்துக்கு மேல பி.எஃப் இல்லாத வேலைல இருக்கீங்க, தகுதி இருக்கு. 50,000-க்குக் கீழே, அதனால வரிப் பிடித்தமும் இல்லை. பென்சன் பகுதிக்குத் தனியா படிவம் 10சி. அதைப் பணமா எடுத்தா அந்த நாலு வருசச் சேவை அழிஞ்சுரும். பத்து வருசம் சேர்ந்தாத்தான் பென்சன். மறுபடியும் பி.எஃப் இருக்கற கம்பெனிக்குப் போற எண்ணம் இருந்தா பணத்துக்குப் பதிலா அதே படிவத்துல சேவைச் சான்றிதழ் கேளுங்க.

மாட்டிக்கற இடம் மூணு. வேலையை விட்ட தேதி கம்பெனி போடாம இருக்கும். கடைசிச் சந்தாவுக்கு ரெண்டு மாசம் கழிச்சு நீங்களே தளத்துல போட்டுக்கலாம். பேர்ல இனிஷியல் ஆதார்ல ஒரு மாதிரி, பி.எஃப்-ல ஒரு மாதிரி. வங்கி இணைப்புக்குப் பிறகு மாறின பழைய ஐ.எஃப்.எஸ்.சி. இந்த மூணையும் சரி பண்ணிட்டு விண்ணப்பிங்க. நிராகரிச்சா மறுபடியும் வரிசைல கடைசி.

பவர்டேபிள் | 7 அக்டோபர் 2025

ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. எதுக்கு இத்தனை கணக்கு? வரி டிசம்பர்ல எறங்கிரும்னு பேசிக்கறாங்க. பஞ்சுக்கு இறக்குமதி வரி 11 சதவீதம் டிசம்பர் 31 வரைக்கும் இல்லைன்னு ஆயிருச்சு. இங்கிலாந்து ஒப்பந்தமும் ஜூலை 24-ல கையெழுத்தாச்சு. ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சா ஓடிரும்.

கணக்குப்பிள்ளை | 7 அக்டோபர் 2025

இங்கிலாந்து ஒப்பந்தம் கையெழுத்தானதோட சரி, இன்னும் நடைமுறைக்கு வரலை. அமெரிக்க வரி நாளைக்கே இறங்குதுன்னு வைங்க. பையர் சாம்பிள் கேட்பார், ஒப்புதல் வரும், நூல் வாங்கணும், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், அப்புறம்தான் உங்க டேபிள். வரி இறங்கின நாளுக்கும் சனிக்கிழமை கவர் தடிமனாகற நாளுக்கும் நடுவுல ரெண்டு மூணு மாசம். கவர்ல பணம் வந்த பிறகுதான் அதை வரவுல எழுதணும்.

வேற ஒரு வழி பார்க்கலாம். உள்நாட்டு ஆர்டர் ஓட்டற டேபிள், ஜட்டி, பனியன், நைட்டி, குழந்தைத் துணி. ரேட் குறைவு, ஆனா நாள் நிறைய. பீஸுக்கு எவ்வளவுன்னு மட்டும் பார்க்காம வாரத்துக்கு எத்தனை நாள்னு கேட்டுப் பெருக்கிப் பாருங்க.

லைன்வீடு | 7 அக்டோபர் 2025

முன்பணம் 15,000 இருக்கே. அதைக் கட்டாம வேற டேபிளுக்கு எப்படிப் போறது?

பவர்டேபிள் | 8 அக்டோபர் 2025

அதுதானுங்க முன்பணத்தோட வட்டியே. காசா வாங்க மாட்டாங்க. வேலை இல்லாத வாரத்துலயும் நம்மளை அங்கயே உட்கார வெச்சிரும். அந்த 15,000-ஐ மொதல்ல கட்டுங்க. கட்டறப்போ காண்ட்ராக்டர் நோட்டுல கணக்கு முடிஞ்சதுன்னு எழுதி வாங்கோணும், போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. சண்டை போட்டுட்டு வராதீங்க. ஆர்டர் திரும்பினா அதே ஆள்தான் கூப்பிடுவாரு.

குழுத்தலைவி | 11 அக்டோபர் 2025

எல்லாரும் பணத்தையே பேசறீங்க, வீட்டைப் பத்தி ஒருத்தரும் பேசலை. நாலு நாள் சும்மா இருக்காரு, அவங்க நாலு நாள் சும்மா இருக்காங்க. அது ஒரே நாலு நாளா? வேற வேற நாளா மாத்திக்க முடிஞ்சா பாப்பாவைக் கூட்டிட்டு வர, பார்த்துக்க யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம், டியூஷனும் வீட்டுலயே. செக்கிங்ல சூப்பர்வைசர்கிட்டக் கேட்டா திங்கள், புதன், வெள்ளின்னு கூட மாத்தித் தருவாங்க. லைன் வேலைல அது நடக்காது, செக்கிங்லயும் பிசிர் வெட்டறதுலயும் நடக்கும்.

கம்பெனி வேன் இல்லைன்னா டவுன் பஸ்ல போகலாம், சாதாரணக் கட்டணப் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் 25. இதை விட்டுட்டு மளிகைக் கடை நோட்டுல எழுதற வீடுதான் அதிகம். மாசக் கடைசில போனா பருப்பு தீர்ந்துரும், இருப்பு வந்த நாள்லயே வாங்குங்க. பாப்பா ஒண்ணுல இருந்து அஞ்சாவதுக்குள்ளன்னா அரசுப் பள்ளில காலைச் சாப்பாடும் இருக்கு. பள்ளி மாத்தறது உங்க முடிவு. ஆனா கட்டணப் பாக்கியைக் காட்டி டி.சி.யை நிறுத்தக் கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல சொல்லியிருக்கு, அதைத் தெரிஞ்சு வெச்சுட்டுப் பள்ளிக்கூடத்துல பேசுங்க. பெரும்பாலும் ரெண்டு மூணாப் பிரிச்சுக் கட்ட ஒத்துக்குவாங்க. எழுதிக் கொடுத்துக் கேட்கணும்.

லைன்வீடு | 12 அக்டோபர் 2025

சும்மா இருக்கற நாள்ல, ராத்திரில சாப்பாடு டெலிவரி ஓட்டலாம்னு இருக்கேன். வண்டி இருக்கு.

கணக்குப்பிள்ளை | 12 அக்டோபர் 2025

சும்மா இருக்கற நாள்ல ஓட்டுங்க. டேபிள் வேலைக்கு முந்தின ராத்திரி வேண்டாம். ஒரு ராத்திரில 450 வருதுன்னா 60 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 140, ஆயில், டயர், பிரேக்குக்கு 40 எடுத்து வைங்க. கைல நிக்கறது 270. அடுத்த நாள் தூக்கக் கலக்கத்துல ஓவர்லாக்ல உட்கார்ந்தா பீஸ் குறையும், டேமேஜ் ஏறும், அதையும் உங்க கணக்குலதான் பிடிப்பாங்க. 270-க்கு ஓடி 300-ஐ விட்டதா ஆயிரும்.

ஓட்டறதுக்கு முன்னாடி ரெண்டு பேர் வங்கிக் கணக்குலயும் ரெண்டு காப்பீடு போட்டுருங்க. விபத்துக்கு வருசம் 20 ரூபாய், உயிருக்கு வருசம் 436. ரெண்டும் தலா 2 லட்சம். மே கடைசில பணம் எடுப்பாங்க, அன்னிக்குக் கணக்குல காசு இல்லைன்னா காப்பீடு நின்னுரும்.

கணக்குப்பிள்ளை | 14 அக்டோபர் 2025

நேத்து பி.எஃப் வாரியம் எடுத்த முடிவு இங்க பேசறதுக்கு நேரா சம்பந்தப்பட்டது. 13 வகை முன்பணத்தை மூணு வகையா ஆக்கறாங்க, 12 மாசம் வேலை பார்த்திருந்தாப் போதும். ஆனா 25 சதவீதம் கணக்குல இருந்தே ஆகணும். வேலை போனா 75 சதவீதம் உடனே, மீதி 12 மாசம் கழிச்சு. பழைய விதில மொத்தமும் ரெண்டு மாசத்துல எடுக்கலாம். பென்சன் பகுதிக்கு ரெண்டு மாசம் இருந்தது 36 மாசம் ஆகுது.

லைன்வீடு விட்டு மூணு வருசம் ஆனதால அவருக்கு எந்த விதிலயும் தடை இல்லை. மத்தவங்க கவனிங்க: தளத்துல வர்ற வரைக்கும் பழைய விதிதான் ஓடும். வாட்ஸ்அப்ல "எல்லாம் எடுத்துக்கலாம்"னு வர்றதை நம்பி கம்பெனியை விட்டு நின்னுறாதீங்க.

இனி நான் சொல்லப் போறதுதான் இங்க பேசினதுலயே முக்கியம். இ.எஸ்.ஐ, அதாவது தொழிலாளர் காப்பீடு. அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் ஒரு சந்தாக் காலம். அந்த ஆறு மாசத்துல 78 நாளுக்குச் சம்பளம் வந்திருந்தாத்தான் அடுத்த ஜூலைல இருந்து டிசம்பர் வரைக்கும் உடம்பு சரியில்லாம லீவு எடுத்தா 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும், வருசத்துக்கு 91 நாள் வரைக்கும். ஆறு மாசம் 26 வாரம். 26-ஐ 78-ல வகுங்க: வாரத்துக்கு மூணு நாள். உங்க வீட்டுல மூணு நாள்தான் வேலைக்குப் போறாங்க. ஒரே வாரம் ரெண்டு நாளாச்சுன்னா 77.

சம்பளத்தோட வர்ற விடுமுறை, பண்டிகை லீவு இதெல்லாம் நாள் கணக்குல சேரும். கம்பெனி போடற நாளும் நீங்க போன நாளும் ஒண்ணான்னு மாசாமாசம் இ.எஸ்.ஐ தளத்துல பாருங்க. சந்தாவைக் குறைக்க மூணு நாளை ரெண்டா எழுதறது உண்டு. மார்ச்ல போய்ப் பார்த்தா ஒண்ணும் பண்ண முடியாது.

பவர்டேபிள் | 15 அக்டோபர் 2025

26-ஐ 78-ல வகுக்கறதில்லீங்க, 78-ஐ 26-ஆல. பள்ளிக்கூடத்துல பெஞ்சு மேல நிக்க வெச்சிருவாங்க.

ஆனா விஷயம் சரி. இது நிறையப் பேருக்குத் தெரியாது.

குழுத்தலைவி | 19 அக்டோபர் 2025

நாளைக்கு தீபாவளி. போனஸ் வந்திருக்கும், குறைஞ்சது 8.33 சதவீதம். பட்டாசுக்கு ஒரு தொகை ஒதுக்கி அதைப் பாப்பா கையிலயே கொடுத்துருங்க, என்ன வாங்கறதுன்னு அவளே முடிவு பண்ணட்டும். செலவு கட்டுக்குள்ள நிக்கறதுக்கு இதை விடச் சுலபமான வழி இல்லை.

மீண்டு வர்ற ரெண்டு பவுனைப் பத்தி. அதை வித்துக் குழுக்கடனை அடைக்கலாம்னு அடுத்து யாராவது சொல்லப் போறீங்க. அது யார் நகைன்னு முதல்ல கேளுங்க. அம்மா வீட்டுல போட்டதுன்னா முடிவு அவங்களது. ராத்திரி உட்கார்ந்து ரெண்டு பேருமாக் கணக்கைப் போட்டுப் பார்த்துட்டு அவங்களே சொல்லட்டும். காதுல இருக்கறதைக் கழட்டச் சொல்றதும் அவங்களாவே கழட்டித் தர்றதும் ஒண்ணில்லை.

கணக்குப்பிள்ளை | 27 அக்டோபர் 2025

நான்தான் சொல்ல வந்தேன், முந்திக்கிட்டீங்க. கணக்கை மட்டும் வெச்சுடறேன். ஒரு பவுன் வித்தா 80,000-க்கு மேல வரும், செய்கூலி, சேதாரம் திரும்பாது, கல் கழியும். அதுல ரெண்டு குழுக்கடனும் 47,500-க்கு முடியும். மாசம் 4,830 இறங்கும். விக்க மனசில்லைன்னா அதே பவுனை வங்கில வெச்சு 10 சதவீதத்துக்கு வாங்கி 24 சதவீதக் குழுக்கடனை அடைக்கலாம், அதுவும் லாபம்தான். ஆனா 12 மாசத்துல அசலும் வட்டியும் மொத்தமா நிக்கும். சம்பளம் பாதியா இருக்கற வருசத்துல இன்னொரு டிசம்பரை நானா உண்டாக்க மாட்டேன். விக்கறதுன்னா நான் விப்பேன். மூணாவது வழி, ரெண்டும் வேண்டாம், நகை அப்படியே இருக்கட்டும், சின்னக் குழுக்கடன் ஏப்ரல், மே மாசத்துல தானா முடியும்.

ஏப்ரல் 1, 2026-ல இருந்து ரெண்டரை லட்சம் வரைக்குமான நகைக்கடனுக்கு மதிப்புல 85 சதவீதம் வரைக்கும் தரலாம்னு ரிசர்வ் வங்கி விதி மாறுது. அதே விதில, பணம் கட்டி முடிச்ச பிறகு நகையை 7 வேலை நாளுக்குள்ள தரலைன்னா நாளுக்கு 5,000 உங்களுக்குத் தரணும்னும் இருக்கு. முதல் பாதியை விளம்பரத்துல போடுவாங்க.

லைன்வீடு | 3 நவம்பர் 2025

நகை மாத்தியாச்சு. ரெண்டாவது ரசீது நெக்லஸ்ல கல்லுக்கு ரெண்டு கிராம் கழிச்சுட்டாங்க, 1,14,000 வரலை, ஒரு லட்சம்தான். மூணாவது ரசீதுல இருந்த மோதிரத்தைச் சேர்த்து வெச்சேன். அண்ணன் பணம் மூணாம் நாள் திருப்பியாச்சு. பி.எஃப் வந்துச்சு, முன்பணம் 15,000 கட்டிட்டேன், ஸ்கூல்ல 6,000. உள்நாட்டு டேபிள் ஒண்ணுல அஞ்சு நாள் ஓடுது. ரேட் குறைச்சல்தான்.

அவங்க விக்க வேண்டாம்னுட்டாங்க.

கணக்குப்பிள்ளை | 3 நவம்பர் 2025

சரி, அப்ப மூணாவது வழி. வங்கி வட்டி 1,900-ஐ வருசக் கடைசி வரைக்கும் விடாம மாசாமாசம் கட்டுங்க, கவுன்ட்டர்ல வாங்கிப்பாங்க.

நவம்பர்ல அஞ்சு சனிக்கிழமை, கவனிச்சீங்களா? 1, 8, 15, 22, 29. வீட்டை எப்பவும் நாலு சனிக்கிழமைக்கு ஓட்டுங்க, அஞ்சாவது கவரைப் பிரிக்காம ஸ்கூல் பாக்கிக்கு வைங்க. அடுத்து ஜனவரி, மே, ஆகஸ்ட், அக்டோபர். காலண்டர்ல இப்பவே வட்டம் போட்டுருங்க. பதினஞ்சு நாள் தவணைக்கும் இது பொருந்தும், சில மாசம் மூணு தடவை வந்து நிக்கும், அது அஞ்சு சனிக்கிழமை மாசத்துல வந்தா நல்லவேளை.

பவர்டேபிள் | 9 நவம்பர் 2025

வாடகை வீட்டுல கரண்டுக்கு யூனிட் எவ்வளவு வாங்கறாங்க?

லைன்வீடு | 9 நவம்பர் 2025

9 ரூபாய். சப்மீட்டர்.

பவர்டேபிள் | 9 நவம்பர் 2025

நாலு வீட்டுக்கு ஒரே சர்வீஸா இருக்கும். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் ஒரு சர்வீஸுக்குத்தான். 500-ஐத் தாண்டினா ரெண்டாவது நூறுக்கு இருக்கற குறைஞ்ச ரேட்டும் போயிரும், அந்த ஒரு யூனிட்டால பில்லு 200 ரூவாய்க்கு மேல எகிறும். நாலு வீடும் சேர்ந்து பில்லைப் பார்த்து, மொத்தத் தொகையை யூனிட்டால வகுத்துக் கட்டறோம்னு வீட்டுக்காரம்மாகிட்டப் பேசுங்க. தனியாப் போய்க் கேக்காதீங்க, நாலு பேரும் போங்க. காலி பண்ணச் சொன்னா என்ன பண்றதுன்னு கேக்காதீங்க, இப்ப திருப்பூர்ல லைன் வீடு காலியாத்தான் கிடக்குது.

குழுத்தலைவி | 23 நவம்பர் 2025

தண்டல் இந்த வாரம் முடியுமே? நோட்டைத் திரும்ப வாங்கிக்கோங்க. கொடுத்த வெத்துப் பத்திரம், செக் ஏதாவது இருந்தா அதையும்.

லைன்வீடு | 23 நவம்பர் 2025

வாங்கிட்டேன். பத்து போடட்டுமான்னு கேட்டார்.